பழைய தெருவுக்குக் குடிபோன கதை

நகரத்தின் பழைய பகுதியில் வீடு வாங்குகிறோம் என்றதும் பாதிப் பேர் "கொடுத்து வைத்தவர்கள்" என்றார்கள், மீதிப் பேர் "ஏன் இந்த வேண்டாத வேலை" என்றார்கள். 14 மாதம் ஆகிவிட்டது, இரண்டு தரப்பு சொன்னதும் சரிதான்.

போனதற்குக் காரணம் பிள்ளைகள்தான். பள்ளிக்கூடம், நூலகம், பூங்கா எல்லாம் நடந்து போகிற தூரம். தெரு குறுகல் என்பதால் வண்டி வேகமெடுக்க வழியில்லை, சாயங்காலம் ஆனால் தெருவே பிள்ளைகள் கையில். வீட்டை 4 தடவை போய்ப் பார்த்தோம்: காலையில், ராத்திரியில், விடுமுறை நாளில், அப்புறம் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள். அந்த மழை நாள்தான் உண்மையைச் சொன்னது. கீழ்க்கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. "போன வருஷம்தான் புதுசா பூசி பெயின்ட் அடிச்சது" என்றார் விற்றவர், பெருமையாக.

வினையே அந்தப் புதுப் பூச்சுதான் என்று பிறகு ஒரு வயதான மேஸ்திரி சொல்லித் தெரிந்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை மேற்பரப்பு வழியாகக் காற்றில் விட்டும்விடும். அதன்மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் வெளியே போகிற வழி அடைபட்டு, ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, அதோடு வருகிற உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பொரிந்து தள்ளுகிறது. போதாததற்கு, ரோடு போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் படி ஏறிப் போன வீடு இப்போது படி இறங்கிப் போகிற வீடாகிவிட்டது. மழைத் தண்ணீர் எங்கே போகும்?

சிமென்ட்டைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து 3 மாதம் சுவரைச் சும்மா காயவிட்டோம். வெளிப்பக்கம் சுவரை ஒட்டி மண்ணை வெட்டிச் சரளைக்கல் போட்டோம். அப்புறம்தான் சுண்ணாம்புப் பூச்சு, கை கையாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகும், மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்று கணக்கு. அவசரப்படுத்தினால் வெடிக்கும். அத்தனை மாதமும் ஒரு பக்கம் வாடகை, ஒரு பக்கம் கடன் தவணை. எங்கள் இருவருக்குள் நடந்த சண்டைகளை இங்கே எழுதப் போவதில்லை.

வயரிங்கில் யோசிக்க எதுவுமில்லை. துணி சுற்றிய ரப்பர் வயர், எர்த் என்ற பேச்சே கிடையாது. எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற பிரேக்கரும் வைத்தாயிற்று. பழைய கதவு ஜன்னல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதைக் காய்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்புகிற தூசி சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சோதித்துப் பார்த்தோம், இருந்தது. நனைத்துச் சுரண்டி முடித்து வீட்டை ஈரத்துணியால் துடைக்கும்வரை பிள்ளைகளை உள்ளே விடவில்லை.

அனுமதிக் கதை தனி. வீடு பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால் தெருவைப் பார்த்த முகப்பில் எதை மாற்றினாலும் ஒப்புதல் வேண்டும். சத்தமும் குளிரும் வராமலிருக்க அலுமினிய ஜன்னல் என்று எழுதிக் கொடுத்தோம், 7 வாரம் கழித்து நிராகரித்து ஒரு வரிக் கடிதம். கோபம் வந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் அதே தெருவில் இருக்கும் ஒரு அம்மா, தன் வீட்டில் மர ஜன்னலைத் தொடாமல் உள்பக்கமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் போட்டிருப்பதைக் காட்டினார். எங்கள் பட்டியல் விதிப்படி உள்ளே செய்வதற்கு ஒப்புதல் தேவையில்லையாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட்டோம், சத்தம் நன்றாகவே அடங்கிவிட்டது. அந்த அம்மாவிடம் முதலிலேயே பேசியிருந்தால் 7 வாரம் மிச்சம். இந்த மாதிரி இடத்தில் வீடு வாங்குகிறவர்கள் விண்ணப்பம் எழுதும் முன் அக்கம்பக்கத்துக் கதவை ஒருமுறை தட்டுங்கள்.

சாமான் லாரி தெருமுனைக்கு மேல் வரவில்லை, கடைசி 200 மீட்டர் தள்ளுவண்டிதான். அலமாரி மாடிப்படி வளைவில் சிக்கிக்கொண்டது, கழற்றித்தான் ஏற்றினோம். கார் இன்னும் இரண்டு தெரு தள்ளித்தான் நிற்கிறது. வாசலில் நின்று படம் எடுக்கிறவர்களுக்கு என் மகள் இப்போதெல்லாம் போஸ் கொடுக்கிறாள்.

பூச்சுக்கு முன்னால் மேஸ்திரி செங்கல் சுவரில் ஈரம் ஏறியிருந்த உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதைப் போட்டோ எடுத்து வைக்கும்படி என்னிடம் சொன்னார். பூச்சு முடிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கோடு, பக்கத்தில் தேதி. கடைசிக் கோடு முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. சுவர் முழுக்க ஒரே கிறுக்கல், பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை.