54 எலிகள் 25 ஆன கதை

சேலத்தில் எம்.ஃபார்ம் கடைசி வருடம். ஆய்வுக்கு நான் எடுத்தது சிறுகுறிஞ்சான். ஏற்காடு அடிவாரத்தில் இலை பறித்து, நிழலில் உலர்த்தி, மூன்று விதமான எக்ஸ்ட்ராக்ட் எடுத்தாயிற்று. சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்கு மூன்றையும் இரண்டு அளவுகளில் கொடுத்துப் பார்ப்பது திட்டம். ஒன்பது குழு, குழுவுக்கு ஆறு என்று 54 விஸ்டார் வகை எலிகள். பழைய ஆய்வேடுகளைப் பார்த்து, விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்கும் ஃபார்ம் பி-யை நிரப்பிக் கொடுத்தேன்.

எத்திக்ஸ் கமிட்டி அதைத் திருப்பி அனுப்பியது. அதில் கால்நடை மருத்துவர், வெளியிலிருந்து வரும் விஞ்ஞானி, மத்திய அரசின் குழு நியமித்தவர், இவர்களோடு அறிவியல் சாராத ஒருவரும் இருப்பார். தவிர்க்க முடிந்த இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. “மூணையும் எலிக்குக் கொடுத்துத்தான் பார்க்கணுமா? முதல்ல டெஸ்ட் டியூப்ல பாருங்க” என்றார்கள். அறிவியல் சாராத அந்த அம்மா, “ரத்தம் எடுக்க ஒரு எலியோட வாலை எத்தனை தடவை குத்துவீங்க?” என்று கேட்டார். நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இரண்டு மாதம் தள்ளிப்போனதில் கோபம்தான். ஆனால் மாவுச்சத்தைச் சர்க்கரையாகச் சிதைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதியைத் தடுக்கிறதா என்று டெஸ்ட் டியூபில் பார்த்தபோதே இரண்டு எக்ஸ்ட்ராக்ட் தேறவில்லை. மிஞ்சிய ஒன்றுக்கு ஐந்து குழு, குழுவுக்கு ஐந்து போதும். மொத்த எலிகளில் குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் 10 முதல் 20-க்குள் வர வேண்டும் என்றொரு கணக்கு உண்டு. 25-க்கு அது சரியாக 20. அப்படியென்றால் 29 எலிகளை வீணாகக் கொன்றிருப்பேன். இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது.

படிவத்தில் ‘எப்போது நிறுத்துவீர்கள்’ என்ற பகுதியை மட்டும் யாரிடமிருந்தும் காப்பி அடிக்காதீர்கள். எடை 20 சதவீதம் குறைந்தால் அந்த எலியை அதற்குமேல் வேதனைப்பட விடமாட்டேன் என்று எழுதியிருந்தேன். சர்க்கரை நோய் வரவழைக்க ஸ்ட்ரெப்டோசோட்டோசின் மருந்து போட்ட எலிகள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். விடிந்தால் கூண்டில் உமி சொதசொதவென்று கிடக்கும். ஒன்பதாம் நாள் ஒரு எலி மூலையில் சுருண்டு, ரோமம் சிலிர்த்துக் கிடந்தது. 200 கிராம் இருந்தது, 158. இன்னும் சில நாள் தாங்கினால் ஒரு ரீடிங் கிடைக்குமே என்று மனசு கணக்குப் போட்டது. அப்புறம் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் மயக்க மருந்தைக் கூடுதலாகச் செலுத்தும்வரை அது என் உள்ளங்கையில்தான் இருந்தது.

பதிவேட்டில் எடை, நேரம், காரணம் எழுதினேன். அந்தக் கூண்டில் மிஞ்சிய மற்ற நான்குக்கும் உமி மாற்றினேன்.