மேஜைக்கு அடியில் ஒரு மோனோரயில்

மும்பை செம்பூரில் குடியிருப்பவனுக்கு மோனோரயில் புதிதல்ல, 2014 பிப்ரவரியில் வடாலா வரை ஓட ஆரம்பித்தபோதே பார்த்தவன். ஆனால் வீட்டுக்குள் ஒன்று ஓடும் என்று நினைக்கவில்லை. பையனுக்கென்று வாங்கிய பொம்மை (பொய், எனக்குத்தான்).

தூண்களை நிறுத்தி மேலே ஒற்றைத் தண்டவாளத்தை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று உட்கார்ந்தேன், ஒரு மணி நேரம் போய்விட்டது. முதல் சுற்றிலேயே வளைவில் நின்றுவிட்டது. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி, சக்கரம் அங்கே சும்மா சுழன்றுகொண்டிருந்தது. அழுத்தி மாட்டியதும் சரியாகிவிட்டது. அப்புறம் மேட்டில் திணறியது. ரீசார்ஜபிள் பேட்டரி போட்டிருந்தேன், அது 1.2 வோல்ட்தானே, சாதாரண ஆல்கலைன் 1.5. மாற்றிப் போட்டதும் சர்ரென்று ஏறியது.

இப்போது சாப்பாட்டு மேஜையின் கால்களைச் சுற்றி வருகிறது. விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தால், முன்விளக்கு மட்டும் வளைந்து வளைந்து வரும். நேற்று திடீரென்று மெதுவானது, கவிழ்த்துப் பார்த்தால் அச்சில் மனைவியின் தலைமுடி சுற்றியிருந்தது. ட்வீசரால் எடுத்துக்கொண்டிருந்தபோது பையன் கேட்டான், "அப்பா, என் முறை எப்போ?"