ஜிம்கானா நம் மண்ணில் பிறந்த சொல்

நீலகிரியில் வெலிங்டன் பக்கம் இருக்கும் எங்களுக்கு ஜிம்கானா என்றால் கிளப்தான். கோல்ஃப் புல்வெளி, ராணுவ அதிகாரிகள், மட்டைப்பையைச் சுமந்து பின்னால் நடக்கும் ஊர்க்காரர்கள். ஊட்டியிலும் அதே பெயரில் ஒரு கிளப் உண்டு. இதை முழு ஆங்கிலச் சொல் என்று படித்தவர்களே சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்துஸ்தானியில் ‘கேந்த்’ என்றால் பந்து. ‘கானா’ பாரசீக வழி வந்தது. வீடு, கூடம் என்று பொருள். தொழிற்சாலையைக் கார்கானா, மருந்தகத்தைத் தவாகானா என்கிறோமே, அதே கானா! பந்தாடும் இடமான ‘கேந்த்கானா’, ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற சொல்லின் சாயல் ஏறி ஜிம்கானா ஆனது என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். 1861-இல் வட இந்தியாவின் ரூர்க்கியில் ஒரு ஜிம்கானா தொடங்கப்பட்டதை, ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களைத் தொகுத்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி பதிவு செய்திருக்கிறது.

இடத்தின் பெயர் பிறகு அங்கே நடந்த போட்டிகளுக்கும் ஆகிவந்தது. கப்பலேறி இங்கிலாந்து போனதும், சிறுவர்கள் மட்டக்குதிரையில் ஏறி ஆடும் பந்தயங்களுக்கு அதுவே பெயர். கம்பங்களுக்கு இடையே வளைந்து ஓட வேண்டும். சில ஆட்டங்களில் கையில் கரண்டி, கரண்டியில் முட்டை, கீழே விழாமல் போய்ச் சேர வேண்டும். காரைக் கூம்புகளைச் சுற்றி வளைத்து ஓட்டும் பந்தயத்துக்கும் இன்று இதே பெயர்தான்.

ஊட்டி ஏரிக்கரையில் மட்டக்குதிரை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “ஜெயித்தால் என்ன கொடுப்பார்கள்?” என்று கேட்டார். கடிவாளத்தில் குத்தும் ரிப்பன் பூ என்றேன். நம்ப மறுத்துவிட்டார்.