மஹல் படத்தோட இருட்டு

நேத்து நைட்டு 1949ல வந்த 'மஹல்'ங்கற ஹிந்திப் படம் பாத்துட்டு இருந்தேன், 'ஆயேகா ஆனேவாலா' பாட்டு வந்ததும் அப்படியே படத்த நிறுத்திட்டேன்.

மதுபாலா ஊஞ்சல்ல இருக்காங்க. சுத்தி அவ்ளோ இருட்டு, முகத்துல மட்டும் வெளிச்சம். பேயா மனுஷியான்னு அந்த லைட்டிங்கே நம்மள குழப்பி விடுது, வசனமே தேவைப்படல.

கேமரா ஜோசப் விர்ஷிங். 1903ல மியூனிக்ல பொறந்தவர்.

ஜெர்மன் டைரக்டர் ஃபிரான்ஸ் ஆஸ்டன் படத்துக்காக 1925ல இந்தியா வந்தாரு, திரும்பி போனாரு, அப்புறம் தயாரிப்பாளர் ஹிமான்ஷு ராய் பாம்பே டாக்கீஸ்ங்கற படக் கம்பெனிய ஆரம்பிச்சப்ப மறுபடி வந்து பம்பாய் மலாட்ல இருந்த அவங்க ஸ்டூடியோல 'அச்சுத் கன்யா' மாதிரி படமெல்லாம் எடுத்தாரு. அந்தப் படத்து ஹீரோயின் தேவிகா ராணியோட க்ளோசப் பாத்திருக்கீங்களா? அந்த மெத்துன்னு விழுற வெளிச்சம் இவரோடதுதான்.

1939ல இரண்டாம் உலகப் போர் வந்துச்சு. ஜெர்மன்காரர்ங்கறதால பிரிட்டிஷ் அரசு பிடிச்சு முகாம்ல அடைச்சுட்டாங்க. முப்பத்தாறு வயசு, கேமராமேனுக்கு கை நல்லா பழகி வர்ற வயசு. வருஷக்கணக்கா கேமராவே இல்லாம! இத நெனச்சா இன்னும் மனசு ஆறல.

வெளிய வந்தவர் ஊருக்குப் போகல, பம்பாய்லயே இருந்துட்டாரு. அதுக்கப்புறம் பண்ணதுதான் இந்த மஹல்.

மஹல் டைரக்டர் கமால் அம்ரோஹியோட 'பாகீசா' படம் பாதில நிக்கும்போதே 1967ல விர்ஷிங் இறந்து போயிட்டாரு. மிச்சத்த வேற கேமராமேன்கள் எடுத்து முடிச்சாங்க, படம் 1972ல வந்துச்சு. அதுல நடிச்ச மீனா குமாரி, அம்ரோஹி பேரு சொல்றப்பல்லாம் விர்ஷிங் பேரையும் சேத்து சொல்லுங்க, ப்ளீஸ்.