வெர்தோன் பள்ளத்தாக்கைச் சைக்கிளில் சுற்ற: பள்ளம் உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும்

தென் பிரான்சின் வெர்தோன் பள்ளத்தாக்கை ரோடு சைக்கிளில் ஒரே நாளில் சுற்றி வரப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது தூரத்தையோ ஏற்றத்தையோ அல்ல, எந்தப் பக்கமாகச் சுற்றப் போகிறீர்கள் என்பதைத்தான். பிரான்சில் வண்டிகள் வலப்பக்கம் போகும். கடிகார முள் சுற்றுகிற திசையில் போனால் வடகரையில் கிழக்கு நோக்கிப் போகும்போதும் சரி, தென்கரையில் மேற்கு நோக்கித் திரும்பும்போதும் சரி, பள்ளம் உங்கள் வலக்கைப்பக்கமே இருக்கும். விளிம்புச் சுவரை ஒட்டியே மிதிக்கலாம், நின்று பார்க்க வேண்டுமென்றால் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. எதிர்த் திசையில் போனால் நாள் முழுக்கப் பாறைச் சுவர்தான் பக்கத்தில், காட்சி எல்லாம் எதிரே வரும் கேம்பர் வேன்களுக்கு அந்தப் பக்கம். இத்தனை அழகான ரோட்டில் இப்படிப் போவதற்கு மனசே வராது.

சுற்று தொடங்க நல்ல இடம் முஸ்தியே-சாந்த்-மாரி. இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே சங்கிலி கட்டி, அதில் ஒரு நட்சத்திரத்தைத் தொங்க விட்டிருக்கும் ஊர், மண்பாண்டத்தில் பூவேலை செய்து பேர் வாங்கிய ஊர். முழுச் சுற்று 100 கிலோமீட்டரை ஒட்டி வரும், மொத்த ஏற்றம் 2000 மீட்டர் அளவில். பாதை இதுதான்: டி952-இல் லா பாலூ, புவான் சுப்லிம் வழியாகப் பொன்-த-சொலெய், அங்கிருந்து டி955, டி90-இல் திரிகான்ஸ், அப்புறம் தென்கரையின் டி71-ஐப் பிடித்து எகீன் கிராமம், கடைசியில் சாந்த்-க்ருவா ஏரியோரமாக முஸ்தியே. ரோடு நம்பரை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள், பள்ளத்துக்குள் பல இடங்களில் போனில் சிக்னல் கிடைக்காது.

முஸ்தியேயிலிருந்து முதலில் இறக்கம். உடம்பு சூடாகும் முன்னே குளிர்காற்று முகத்தில் அடிக்கும், ஜூன் மாதமே ஆனாலும் காலையில் ஒரு மெல்லிய ஜாக்கெட் இருப்பது நல்லது. கீழே இறங்கியதும் ஏற்றம் தொடங்கிவிடும். கொல் தயான் என்ற கணவாய் வரை, அதாவது 1030 மீட்டர் உயரம் வரை, விட்டு விட்டு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். செங்குத்தான ஏற்றம் இல்லை, நிதானமாக ஒரே தாளத்தில் மிதித்தால் போதும். நான் கியரில் முன்னால் 34, பின்னால் 32 பல் வைத்திருந்தேன், போதுமானதாக இருந்தது. இதைவிடக் கடினமான கியர் வைத்துக்கொண்டு மாலையில் தென்கரை ஏற்றத்தில் முழங்காலை வதைப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. இந்த முதல் ஏற்றத்திலேயே கீழே ஏரியின் நிறம் தெரியும். பச்சையும் நீலமும் கலந்த அந்த நிறம் போட்டோவில் மிகையாகத் தெரியும், நேரில் அதைவிட அழுத்தமாக இருக்கும்.

லா பாலூ வந்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ரூத் தே கிரேத் என்கிற விளிம்பு ரோடு, டி23, இந்த ஊரைவிட்டுக் கொஞ்சம் கிழக்கே பிரிந்து, பள்ளத்தின் உதட்டை ஒட்டியே சுற்றி, மறுபடி லா பாலூவிலேயே வந்து சேரும். 23 கிலோமீட்டர் சுற்று, உச்சியில் 1300 மீட்டரைத் தாண்டும். இதில் ஒரு பகுதி ஒருவழிப் பாதை, அதனால் கிழக்கு முனையிலிருந்துதான் ஏற வேண்டும். இங்கே பள்ளம் இடப்பக்கம் வரும், ஆனால் ஒருவழிப் பகுதியில் எதிரே வண்டி வராது என்பதால் பயமில்லை. முழுச் சுற்றோடு இதையும் சேர்த்தால் 125 கிலோமீட்டர் பக்கம் போய்விடும், ஏற்றமும் 500 மீட்டருக்குக் குறையாமல் கூடும். என் கருத்தைக் கேட்டால், இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். லா பாலூவில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் விடியற்காலையில் கார்கள் வருவதற்கு முன் ரூத் தே கிரேத்தைத் தனியாகச் சுற்றுங்கள். அது வேகமாகக் கடந்து போகிற ரோடு இல்லை.

அப்படி ஒரு காலையில்தான் கழுகுகளைப் பக்கத்தில் பார்த்தேன். பாறுக் கழுகுகள், கிரிஃபோன் என்பார்கள். இந்தப் பகுதியிலிருந்து அடியோடு மறைந்துபோன பறவையை 1999-இலிருந்து ரூகோன் கிராமத்துப் பக்கம் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள், இன்று அவை இங்கே பெருகி வாழ்கின்றன. வெயில் பாறையில் பட்டு வெப்பக்காற்று மேலே கிளம்பியதும் ஒவ்வொன்றாகக் கூட்டிலிருந்து எழும். நான் சுவரோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறேன், கழுகு எனக்குக் கீழே பறக்கிறது. அதன் முதுகு தெரிகிறது, மணல் நிற இறகு, ஓரத்தில் கறுப்பு, சிறகு நுனியில் விரல் விரலாகப் பிரிந்து நிற்கும் இறகுகள் காற்றுக்கு ஏற்ப ஒவ்வொன்றும் தனியாக வளைகிறது. ஒரு தடவைகூடச் சிறகடிக்கவில்லை. வட்டமடித்து என் உயரத்துக்கு வந்து, தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போனது. காற்றை இறகு கிழிக்கும் சத்தம்கூடக் கேட்டது. கூட வந்த தம்பி, மார்செய்யில் வேலை பார்க்கும் புதுச்சேரிப் பையன், அப்புறம் கிளம்பும்போது சொன்னான்: "அண்ணே, பாக்கணும்னா நிறுத்திட்டுப் பாருங்க, ஓட்டும்போது ரோட்டை மட்டும் பாருங்க." அந்த ரோட்டில் பல இடங்களில் இடுப்புயரச் சுவர்கூட இல்லை, அதனால் அவன் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கு 700 மீட்டர் வரை ஆழம், சுண்ணாம்புப் பாறையை ஆறு அறுத்து அறுத்து உண்டாக்கியது. இதன் அடிவாரத்தை முதன்முதலில் முழுசாகக் கடந்து ஆராய்ந்தவர் எதுவார்-அல்ஃப்ரே மார்த்தேல் என்ற பிரெஞ்சுக் குகை ஆய்வாளர், 1905-இல். அதுவரை வெளி உலகத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. புவான் சுப்லிமில் ஐந்து நிமிஷம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து விளிம்புக்குப் போனால் பள்ளத்தாக்கின் நுழைவாயில் தெரியும், இரண்டு பாறைச் சுவர்கள் ஆற்றை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் சைக்கிள் ஷூவின் அடியில் கிளீட், அதாவது பெடலில் மாட்டும் கட்டை, இருந்தால் அந்தப் பாறை வழுக்கும், பாதம் பார்த்து வையுங்கள்.

பொன்-த-சொலெய், திரிகான்ஸ் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பள்ளம் கண்ணில் படாது, வயலும் ஓடையும்தான். ஆனால் சாப்பிட வேண்டிய இடம் இதுதான். பாரிசில் லா சப்பல் கடைத்தெருவில் வாங்கி வந்த கடலை மிட்டாயை ஜெர்சிப் பையில் வைத்திருந்தேன், ஜெல் பாக்கெட்டைவிட எனக்கு அதுதான் ஒத்துவருகிறது. குன்றின் மேல் கோட்டையோடு நிற்கும் திரிகான்ஸில் இரண்டு பாட்டிலையும் நிரப்பிவிடுங்கள். ஊர்க் குழாயில் "நோன் பொதாப்ல்" என்று எழுதியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, அப்போது ஏதாவது கடையில் கேட்டால் தருவார்கள். இதற்கு அப்புறம் எகீன் வரை தண்ணீருக்கு உத்தரவாதம் கிடையாது, வழியில் இருக்கும் உணவகங்கள் சீசன் பார்த்துத்தான் திறக்கும்.

தென்கரை ரோட்டுக்கு கோர்னீஷ் சுப்லிம் என்று பெயர். முதலில் பால்கோன் த லா மெஸ்க்லா, அர்துபி ஆறு வெர்தோனில் கலக்கும் இடம். நேர் கீழே இரண்டு ஆறும் கத்தியால் வளைத்து வெட்டியது போலத் திரும்புவது தெரியும். அடுத்தது 1940-இல் கட்டிய அர்துபி பாலம், ஒரே வளைவு, ஆற்றுக்கு மேல் ஏறக்குறைய 180 மீட்டர். காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு அங்கிருந்து குதிக்கிறார்கள். நமக்கு அதைவிட முக்கியம் பக்கவாட்டுக் காற்று. ரிம் உயரமாக இருக்கும் சக்கரம் போட்டிருந்தால் பாலத்தில் இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ஃபாயே சுரங்கங்கள், பாறையைக் குடைந்த சின்னச் சின்னச் சுரங்கங்கள், நடுவே திறந்திருக்கும் இடத்தில் பள்ளம் சட்டென்று காலடியில் வரும். பின் விளக்கு இல்லாமல் இதற்குள் போக வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் நாளின் கடினமான ஏற்றம், 1200 மீட்டர் உயரத்தில் இருக்கும் வோமால் வளைவு வரை. பிற்பகல் வெயில் முழுசாக இந்தச் சரிவில் விழும், நிழல் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் இதைத் திட்டமிடாதீர்கள் என்பதற்கு வெயில் ஒரு காரணம், கார்க் கூட்டம் இன்னொன்று, மதியத்துக்கு மேல் திடீரென்று இடிக்கும் மழை மூன்றாவது. மே கடைசி, ஜூன் முதல் பாதி, செப்டம்பர், இவைதான் என் தேர்வு. ஜூன் கடைசியில் போனால் கூட்டம் கூடும், ஆனால் அருகில் இருக்கும் வலன்சோல் மேட்டில் லாவண்டர் பூத்திருக்கும், அதற்காக ஒரு நாளை நீட்டினாலும் தப்பில்லை.

உச்சியிலிருந்து இல்லுவார் கணவாய் வழியாக எகீன் வரை இறக்கம், ஏரி முழுசும் முன்னால் விரிந்து கிடக்கும். இந்த ஏரி 1970களில் அணை கட்டி உண்டாக்கியது, பழைய சால் கிராமம் அதற்குள் மூழ்கியது, ஊர் மக்களுக்குக் கரையில் புது ஊர் கட்டிக் கொடுத்தார்கள். எகீனில் ஒரு காலத்தில் பாறை இடுக்கில் வளரும் பாக்ஸ் மரத்தின் வேரைக் கடைந்து, மேலே ஆணி ஆணியாக அடித்து, பெத்தாங் என்ற பந்தெறி விளையாட்டுக்குப் பந்து செய்தார்கள். ஆணி அடித்தவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெண்கள். அங்கே ஒரு காபி குடித்துவிட்டு பிரேக் ரப்பரை ஒரு பார்வை பாருங்கள், ஏரிக்கரை வரை இன்னும் 300 மீட்டர் இறங்க வேண்டும்.

கடைசியாகக் கலத்தா பாலம், ஆறு பள்ளத்தைவிட்டு ஏரிக்குள் வரும் வாய். அதைத் தாண்டினால் முஸ்தியே வரை சின்ன ஏற்றம், அவ்வளவுதான். ரூத் தே கிரேத் குளிர்காலத்தில், நவம்பர் பாதியிலிருந்து மார்ச் பாதி வரை மூடியிருக்கும், பாறை சரிந்தால் மற்ற ரோடுகளையும் நடுவில் அடைப்பார்கள். அதனால் அறை பதிவு செய்வதற்கு முன்னால் மாவட்ட ரோடு நிலவர அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.