பின்கட்டுப் பாசி

மான்செஸ்டரில் எங்கள் முதல் அக்டோபர். துணி உலர்த்தப் போன அம்மா பின்கட்டு மரத்தளத்தில் வழுக்கி விழுந்தார். முழங்கை வீங்கியதோடு போயிற்று. "நம்ம கிணத்தடி மாதிரியே இருக்குடா, தேய்க்காம விட்டிருக்கீங்க" என்றார். பலகையில் நான் பாசியையே கவனித்திருக்கவில்லை. லேசான பச்சைப் பூச்சு, அவ்வளவுதான்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, இங்கே ஏறக்குறைய 850. ஆனால் அங்கே கொட்டித் தீர்த்த மழையை வெயில் காயவைத்துவிடும். இங்கே தூறல்தான், ஆனால் அடிக்கடி. எங்கள் பின்கட்டு வடக்குப் பார்த்தது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தரையில் வெயிலே படாது. டிசம்பரில் பகலே ஏழரை மணி நேரம்தான். ராத்திரி ஈரம் காய நேரமேது?

அம்மா விழுந்த கோபத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து அடித்தேன். அது பெரிய தப்பு. பலகையின் நார் பிய்ந்து பஞ்சுபோல எழும்பியது, பக்கத்தில் தரையில் பதித்த கற்களுக்கு இடையிலிருந்த மணல் பறந்துபோனது. அடுத்த வருடம் அந்த நாரிலும் இடுக்கிலும் ஈரம் தங்கி, பாசி முன்னைவிட அதிகமாக வந்தது. தரையில் கிடப்பது ராஜஸ்தானிலிருந்து கப்பலேறி வந்த மணற்கல். நம் ஊர்க் கல்லை நானே பாழாக்கிவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வழி சொன்னார். இலைச் சருகைத் தினமும் பெருக்கு, மேலே கவிந்த கிளையை வெட்டு, காற்று உள்ளே வரட்டும். மழையில்லாத நாளாகப் பார்த்து பென்சல்கோனியம் குளோரைடு என்ற பாசிக்கொல்லி கலந்த திரவத்தைத் தெளித்து அப்படியே விட்டுவிடு, பச்சை பழுப்பாகிச் சாகும், அப்புறம் முரட்டு பிரஷ்ஷால் தேய். ஆனால் அது மீனுக்கும் தவளைக்கும் விஷம். அவர் வீட்டில் ஒரு சின்னக் குளம் உண்டு. அதனால் வேலியோரம் மூன்றடி விட்டு, அங்கே வெறும் பிரஷ்ஷால்தான் தேய்க்கிறேன்.

செங்கல் சுவரில் மெத்தையாக வளர்ந்திருப்பது வேறு. தமிழில் அதையும் பாசி என்றுதான் சொல்கிறோம், இங்கே மாஸ் என்கிறார்கள். அதற்கு உண்மையான வேர் கிடையாது. வறண்டால் சுருண்டு கிடக்கும், ஒரு தூறலில் விரிந்துவிடும். அதில் யாரும் கால் வைப்பதில்லை என்பதால் விட்டுவைத்தேன். மார்ச்சில் கரும்பறவை ஒன்று வந்து கூட்டுக்காக அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

அம்மா மறுபடி ஜூனில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பலகையில் வைத்து அழுத்திப் பார்த்தார். அப்புறம்தான் துணிக்கூடையை எடுத்தார்.