அட்டை மேல் ஒரு தூசி

எங்கள் ஸ்கூல் மிஸ் காலமாகிவிட்டார் என்று தில்லி கரோல் பாகிலிருந்து செய்தி வந்ததும், நம் வாட்ஸப் குழுவில் எல்லாரும் ஜீரோ பீரியடை, முதல் பீரியடுக்கு முந்தைய அந்த வகுப்பைப் பற்றித்தான் எழுதினார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரே புத்தகம், ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’. சிலபஸில் கிடையாது. பதினோராம் வகுப்பில், 1984 ஏப்ரல் 4 அன்று ஆரம்பித்தார். கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித் தன் டைரியில் முதன்முதலாகப் போடும் தேதி அது.

முதல் நாள் கதையே சொல்லவில்லை. கரும்பலகையில் அவன் அறையை வரைந்தார். டெலிஸ்கிரீன் என்பது வீட்டுக்குள் இருப்பவரை அரசு பார்க்கவும் கேட்கவும் வைத்த திரை. அதைக் கோடிச் சுவரில் வைத்தால்தான் அறை முழுக்கத் தெரியும். அவன் வீட்டில் மட்டும் அது ஜன்னலுக்கு எதிரே, நீளச் சுவரில் இருக்கிறது. பக்கத்தில் ஆழமில்லாத ஒரு மாடம். அதில் ஒடுங்கி உட்கார்ந்தால் ஆள் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். பழைய சாமான் கடையில் இரண்டரை டாலருக்கு வாங்கிய நோட்டு, நிப்புப் பேனா. நிப்பின் பிசுக்கை வாயில் வைத்து எடுத்துவிட்டு எழுதுகிறான். பிடிபட்டால் மரணம், இல்லாவிட்டால் குறைந்தது 25 வருடம் உழைப்பு முகாம்.

நோட்டை ஒளித்து வைத்துப் பயனில்லை. யாராவது தொட்டார்களா என்றாவது தெரிய வேண்டும். பக்கங்களின் ஓரத்தில் முடி வைத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் வெண்மையான ஒரு தூசித் துணுக்கை விரல் நுனியில் எடுத்து அட்டையின் மூலையில் வைக்கிறான். நோட்டை அசைத்தால் அது விழுந்துவிடும்.

“பிரமாதம் மிஸ்!” என்று எழுந்து சொன்னது நான்தான். மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் பாகம் வந்ததும் என்னையே எழுப்பி வாசிக்கச் சொன்னார். ஏழு வருடமாகச் சிந்தனைப் போலீஸ், அதாவது மனதில் நினைப்பதையே குற்றமாகப் பிடிக்கும் போலீஸ், அவனைக் கவனித்திருக்கிறது. அந்தத் தூசியைக்கூடப் பத்திரமாகத் திரும்ப வைத்திருக்கிறது. “தப்பு எங்கடா?” என்றார். மணி அடிக்கும் வரை நின்றேன்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பேப்பர் கொண்டுவந்தார். 1975 ஜூன் 28 தேதியிட்ட இந்தியன் எக்ஸ்பிரஸ். எமர்ஜென்சி வந்த மூன்றாம் நாள், பத்திரிகைத் தணிக்கையை எதிர்த்துத் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டிருந்தார்கள். எமர்ஜென்சி முடியும்வரை அதைச் சமையலறை அலமாரித் தட்டில் குப்புற விரித்து வைத்திருந்தாராம். பின்பக்கம் கடுகு டப்பாவின் துரு வட்டமாகப் பதிந்து, முன்பக்க வெற்றிடம் வரை ஊறியிருந்தது. “என் வீட்டை யாரும் சோதனை போட வரலை, அதனால தப்பிச்சுது. அவ்வளவுதான். இதுல என் சாமர்த்தியம்னு ஒண்ணும் இல்லை” என்றார்.

வின்ஸ்டனின் காதலி ஜூலியாவைப் பற்றி ஒரு பீரியட் முழுக்கப் பேசினார். சின்ன விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் பெரிய விதிகளை மீறலாம் என்பது அவள் வழி. வின்ஸ்டனுடையதைவிடக் கெட்டியான வழி அது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

டொராண்டோ வந்த பிறகு மிஸ்ஸுக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒவ்வொரு பதிலின் அடியிலும் “தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சியா?” என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. வேலை, குழந்தைகள், வீட்டுக்கடன்.

மிஸ், தூசியில் தப்பில்லை. அது பூட்டு இல்லை, யாரோ தொட்டார்கள் என்று சொல்லும் அடையாளம் மட்டுமே. அது அங்கே இருப்பது எதிராளிக்குத் தெரியாத வரைதான் வேலை செய்யும். நோட்டை விற்ற கடைக்காரரே அவர்கள் ஆள். டைரியின் முதல் வரிக்கு முன்னாலேயே அவன் மாட்டிக்கொண்டுவிட்டான். அது தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பான் என்று நினைக்கிறேன். நான் அனுப்பாமல் விட்ட நாலாவது கடிதத்தில் இவ்வளவுதான் இருந்திருக்கும்.